விசுவாசத்துக்கு எந்தச் சல்லடை?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கி ஒன்றில் ஒருமுறை அரைநாள் உட்கார்ந்திருந்தேன். மலையிலிருந்து இறங்கிய காய் முதலில் சல்லடைக்குப் போகிறது. எட்டு மில்லிமீட்டர் கண்ணில் தங்குவது ஒரு விலை, ஏழில் தங்குவது ஒரு விலை, அதற்கும் கீழே விழுவது வேறு விலை. சலித்த பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெடித்த காய், பூச்சி அரித்த காய், வெளுத்த காய் என்று கையால் பொறுக்கித் தள்ளுகிறார்கள். ஏலத்தில் பச்சைக்குத்தான் மவுசு. பறித்த காயைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டெடுத்து ஸ்டோர் என்கிற உலர் அறையில் உலர்த்தினால் பச்சை தங்கும்; அது தோட்டங்களில் பழகிய முறை. சாயம் ஏற்றுவது வேறு கதை. அது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எனக்குப் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். சாயம் போட்ட காயை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் தட்டினார். "தொலி பச்சையா இருந்தாப் போதுமா தம்பி? அரிசியப் பாருங்க." ஏலரிசி கறுத்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. ஒன்றை வாயில் போட்டேன். சாயங்காலம் வரை அந்தக் காரம் போகவில்லை.

அவர் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். எதிர் வரிசையில் இருந்த பெண் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். கழுத்திலும் காதிலும் ஒரு பொட்டு நகை கிடையாது. டீ குடிக்க எழுந்தபோது எதிர் வரிசைக்காரர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்த அக்கா பேர்க் கிறிஸ்தவங்க. இன்னும் ரட்சிக்கப்படல." கொஞ்ச நேரம் கழித்து இந்த அக்கா சொன்னார்: "நகையக் கழட்டிட்டா விசுவாசமா? அவுக வட்டிக்கு விடுற லட்சணத்தப் பாத்தா தெரியும்." ஒரே கிட்டங்கியில் ஒரே காயைப் பொறுக்குகிற இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் சல்லடையில் போட்டுவிட்டார்கள்.

யார் உண்மைக் கிறிஸ்தவர், யார் வாயளவில் கிறிஸ்தவர் என்ற கேள்வி கிறிஸ்தவத்தின் வயதே உள்ளது. இயேசு இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி. மரத்தை அதன் கனியால் அறியலாம் என்கிறார். தம்மை ஆண்டவரே என்று கூப்பிடுகிற எல்லாரும் தம்முடையவர்கள் இல்லை என்கிறார். அதே வாய், கோதுமைக்கு நடுவே களை முளைத்த நிலத்தின் கதையையும் சொல்கிறது. களையெடுக்கத் துடிக்கிற வேலைக்காரர்களை அந்தக் கதையில் எஜமான் தடுத்து, அறுப்பு வரை விட்டுவை என்கிறார். முதல் பதிலைப் பிடித்துக்கொண்டவர்கள் தேர்வு நடத்தினார்கள். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இந்த இரண்டும் நடந்தன. இரண்டும் கடைசியில் வந்து நின்ற இடம் சாப்பாட்டுப் பந்தி.

போடி அன்றைக்கு மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா. அந்த ஜில்லாவில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைப் பரப்பியவர்கள் அமெரிக்கர்கள். யாழ்ப்பாணத்தில் 1816 முதல் வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரைக்குக் கிளை விட்டது. முதலில் வந்த வெள்ளைக்காரர்களோடு யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் வந்தார்கள். திருமங்கலத்தில் 1842-இல் தொடங்கிய செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது. பெரியகுளமும் ஒரு மிஷன் நிலையமானது. இன்றைக்குப் போடியில் சிஎஸ்ஐ என்று சொல்லிக்கொள்கிற குடும்பங்களில் பல, இந்த வழியில் வந்தவை.

இந்த அமெரிக்கர்கள் நியூ இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் மரபினர். அவர்களுடைய முன்னோர்களுக்கு ஞானஸ்நானம் மட்டும் போதாது. ஒருவன் உள்ளபடியே மனந்திரும்பியவனா என்று சபையார் முன் விசாரித்து, நம்பத்தக்க அடையாளம் தெரிந்த பிறகே திருவிருந்தில் சேர்ப்பார்கள். அந்த மரபின் பெரிய மூளை ஜோனத்தன் எட்வர்ட்ஸ். ஊரெல்லாம் எழுப்புதல் கூட்டம், அழுகை, மயக்கம் என்று நடந்த காலத்தில் அவர் 1746-இல் ஒரு தடித்த நூல் எழுதினார். கண்ணீரும் நடுக்கமும் வேத வசனம் சரளமாக வருவதும் ஒன்றையும் நிரூபிக்காது, பொய்யும் அதே கண்ணீரை வடிக்கும் என்பது அதன் முதல் பாதி. பன்னிரண்டு அடையாளங்களை வரிசையிட்டு, வாழ்நாள் முழுக்க நீடிக்கிற நடத்தையே அவற்றில் தலையாயது என்று முடிப்பது இரண்டாம் பாதி. தேர்வைக் கடுமையாக்கப் போய், நான்கு வருஷம் கழித்து அவருடைய சபையே அவரை வேலையைவிட்டு அனுப்பியது வேறு விஷயம்.

மதுரைக்கு வந்த அவருடைய வழித்தோன்றல்கள் இங்கே எந்த நடத்தையைப் பார்ப்பது? குடிக்காமல் இருப்பதையா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவதையா? அவர்கள் கண்ணில் பட்டது சாதி. 1847-இல் மதுரை மிஷன் ஒரு தீர்மானம் போட்டது. சாதி என்பது பழைய மதத்தின் சாரம்; அதை முழுக்க விட்டவரிடம்தான் பக்திக்குப் போதிய அடையாளம் இருப்பதாக மிஷன் ஒப்புக்கொள்ளும்; விட்டதற்குக் குறைந்தபட்ச அறிகுறி, தக்க சந்தர்ப்பத்தில் எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இருப்பது. தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான். எழுபதுக்கும் மேற்பட்டோர் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். அதில் கணிசமானோர் சாதாரண சபையார்கூட இல்லை. ஊர் ஊராகப் போய் விசுவாசத்தைப் போதித்துக்கொண்டிருந்த உபதேசியார்கள்.

இந்தத் தீர்மானத்தை முதலில் படித்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி வந்ததை மறைக்கவில்லை. வாயால் சொல்லும் அறிக்கைக்குச் செலவே இல்லை. பறையர் வீட்டுக் கிறிஸ்தவரோடு ஓர் இலையில் உட்காருவதற்கு 1847-இல் பெரிய விலை உண்டு: சொந்தம் விலகும், பெண் எடுக்க ஆள் வராது, சாவு வீட்டுக்கு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். விலை கொடுக்கிற இடத்தில் பார்ப்பதுதான் நல்ல சோதனை. காயைப் பிளந்து அரிசியைப் பார்ப்பது போல.

ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பெரிய ஆள் தேறமாட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சிறுவனாக மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போய், சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்று, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் பண்டிகை நடக்காது. அவர் வெள்ளாளர். தஞ்சாவூருக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் கோயிலில் எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரச் சொன்னபோது, 1820-களின் கடைசியில் அவர் எதிர்த்து எழுதினார். அவர் பட்டியலிட்ட குறைகள் சுவையானவை. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், சாதிகளை வலுக்கட்டாயமாகக் கலக்கிறார்கள், கல்யாணம் காட்சிகளில் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை அகற்றுகிறார்கள். மூன்று குறைகளில் நான் அவர் பக்கம். இரண்டாவதில் இல்லை. ஆனால் அவருக்கு இந்த நான்கும் ஒரே குறைதான்: எங்கிருந்தோ வந்தவன் என் பக்தியை அவன் ஊர் படியால் அளக்கிறான்.

1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். பின்னாளில் அவர்களில் ஒரு பகுதியினர் லைப்சிக் லுத்தரன் மிஷனுக்குப் போனார்கள். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். சாதி பெரும்பாலும் சமூக அந்தஸ்து சம்பந்தப்பட்டது, அடித்து ஒழிக்கக் கூடாது, சுவிசேஷமே மெல்ல மெல்லக் கரைக்கட்டும் என்ற கட்சி. அதற்கு இருநூறு வருஷம் முன்பே மதுரையில் கத்தோலிக்கப் பாதிரியார் ராபர்ட் டி நோபிலி கிட்டத்தட்ட இதையே சொன்னார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கம்தான் என்று 1623-இல் ரோமாபுரியும் அனுமதித்தது. களையை அறுப்பு வரை விட்டுவை என்ற பதிலை இவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அறுப்பு இன்னும் வரவில்லை. வடக்கன்குளம் கோயிலுக்குள் இரு சாதியாரைப் பிரித்த சுவர் 1910 வரை நின்றது.

சாஸ்திரியாரைப் போலி விசுவாசி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏறக்குறைய தொண்ணூறு வயது வரை, 1864-இல் இறக்கும்வரை, கிறிஸ்துவைப் பாடுவதே தொழிலாக வாழ்ந்தவர். மேலிடத்தோடு மோதி வேலையையும் இழந்தவர். அந்தப் பாட்டுகளைப் பொய் பாடாது. அதே மனிதர் பந்தியில் பக்கத்து இலைக்காரனைத் தள்ளி வைத்தார். உண்மை விசுவாசம் ஒரு மனிதனின் முக்கால் பாகத்தை நனைத்துவிட்டுக் கால் பாகத்தைக் காய்ந்தபடியே விட்டுவிடும் என்பதுதான் இங்கே தெரிகிறது. தேர்ச்சி, தோல்வி என்று இரண்டே கட்டம் உள்ள தீர்மானத்தில் இவருக்கு இடமில்லை. திருவிதாங்கூரின் தேவசகாயத்துக்கு இருக்கிறது. உயர்சாதிப் படைப் பணியாளர். ஞானஸ்நானத்துக்குப் பிறகு எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் அவரைப் புனிதராக அறிவித்த வத்திக்கான், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை நீக்கியே அறிவித்தது. புனிதரானவரையும் சாதியைக் கழற்றித்தான் பீடத்தில் ஏற்ற வேண்டியிருந்தது.

இது மேலே இருந்தவர்கள் கதை. கீழே இருந்தவர்களுக்கு வேறொரு சல்லடை காத்திருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கான ஏழைகள் மிஷன் வாசலில் வந்து நின்றார்கள். திருநெல்வேலியில் கால்டுவெல் காலத்தில் பெருங்கூட்டம் சபையில் சேர்ந்தது. கஞ்சிக்காகச் சேர்ந்த கூட்டம் என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது. இன்றைக்கு அது "அரிசி மூட்டை" என்ற வசவாகச் சமூக வலைதளத்தில் உலவுகிறது. தெலுங்கு நாட்டில் ஓங்கோலில் இருந்த ஜான் கிளவ் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி செய்த ஒரு காரியத்தை வசைபாடுகிறவர்கள் தெரிந்துகொண்டால் நல்லது. பக்கிங்காம் கால்வாயில் ஒரு துண்டு வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களைப் பஞ்சம் தீரட்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் திருப்பி அனுப்பினார். சோற்றுக்கு வந்தவன் சோறு கிடைத்ததும் போய்விடுவான் என்பது கணக்கு. பஞ்சம் தணிந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

நோக்கம் சுத்தமாக இருந்தால்தான் விசுவாசம் உண்மை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இதை ஆராய்ந்து பார்த்தவர் வாஸ்காம் பிக்கெட் என்ற மிஷனரி. கூட்டம் கூட்டமாக மதம் மாறிய பகுதிகளில் ஏறக்குறைய 4000 பேரிடம் ஏன் மாறினீர்கள் என்று கேட்டு, அவர்களுடைய பிற்கால வாழ்க்கையோடு ஒப்பிட்டு 1933-இல் நூலாக்கினார். ஆத்தும ரட்சிப்புக்காக வந்தேன் என்றவர்களும் உண்டு. மரியாதைக்காக, போலீஸ் தொந்தரவிலிருந்து தப்ப, சொந்தக்காரர்கள் மாறினார்கள் என்பதற்காக வந்தோம் என்றவர்களும் உண்டு. பின்னாளில் ஜெபம், ஆராதனை, காணிக்கை, ஒழுக்கம் என்று அளந்தபோது இவர்களுக்குள் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. வந்த காரணத்தைவிட, வந்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த போதனையும் அக்கறையும்தான் பலனைத் தீர்மானித்தன. மரியாதை தேடி வந்தவனைக் கொச்சை நோக்கம் என்று எழுதியவர்கள் யாரும் மரியாதை இல்லாமல் வாழ்ந்து பார்த்தவர்கள் அல்ல என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது தேர்வு நடத்துகிறவர் தாசில்தார். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கொள்ள மறுத்தது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் வழி திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. பட்டியல் சாதியிலிருந்து மாறிய கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். விளைவு, மலையடிவாரத்தில் எங்கே போனாலும் தெரியும். விடிவதற்குள் ஜீப்பில் அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண், பழம் எடுக்கும்போது வாய்க்குள் பாமாலை முணுமுணுப்பார். வீட்டுச் சுவரில் வசன காலண்டர் தொங்கும். மகளுடைய பள்ளிச் சான்றிதழில் மதம் என்ற கட்டத்தில் இந்து என்று இருக்கும்.

இது புதிதல்ல. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கு அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தப் பாப்பிரஸ் சான்றுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் கிடைத்திருக்கின்றன. பலியிடாமலேயே காசு கொடுத்துச் சான்று மட்டும் வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கொடுமை ஓய்ந்த பிறகு இவர்களை என்ன செய்வது என்று கார்த்தேஜ் பிஷப் சிப்ரியான் தலையைப் பிய்த்துக்கொண்டார். பலியிட்டவன் வேறு, தாள் வாங்கியவன் வேறு. ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து, தாள் வாங்கியவர்களை மீண்டும் சேர்க்கலாம் என்பது 251-இல் எடுத்த முடிவு. ரோமாபுரியில் நோவாசியன் என்பவர், யாரையும் சேர்க்கவே கூடாது என்று தனிச்சபை கண்டார். சுத்தம் பேசிய அந்தச் சபை இன்றைக்கு இல்லை.

நம் நீதிமன்றங்களும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. ஒரு கிறிஸ்தவப் பெண் இந்துவாக மாறினாரா என்ற கேள்வி பெருமாள் நாடார் வழக்கில் வந்தபோது, சடங்கு தேவையில்லை, மெய்யான எண்ணமும் அதை ஐயமற வெளிப்படுத்தும் நடத்தையும் போதும் என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்வர்ட்ஸ் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் நின்ற வேட்பாளர் கிறிஸ்தவரா, ஆதிதிராவிடரா என்ற சண்டை இரண்டு தேர்தல்களில் இரண்டு முறை மேலே போனது. 1975-இல் கிடைத்த விடை, இந்து மதத்துக்குத் திரும்பியவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் அவர் அந்தச் சாதிதான் என்பது. 2024 நவம்பர் 26-இல், புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், தவறாமல் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே இந்துப் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசியல் சாசனத்தின் மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் ஆச்சரியமில்லை. ஆனால் பொய் அறிக்கை என்று நாம் வழக்கமாகச் சொல்வது, விசுவாசம் இல்லாமல் இருக்கிறது என்று சொல்வதை. இங்கே இருப்பது, விசுவாசம் இருக்க இல்லையென்று எழுதுவது. 1847-இன் சோதனைத்தாளில் இதற்குக் கேள்வியே இல்லை.

போடிமெட்டு ஏறுகிற அந்தப் பெண்ணை உண்மைக் கிறிஸ்தவர் என்பேனா? என் தீர்ப்பு இது: மகளின் ஸ்காலர்ஷிப்புக்காகத் தாளில் மதத்தை மாற்றி எழுதியவரைவிட, தாளில் கிறிஸ்தவர் என்று தைரியமாக எழுதிவிட்டு, சேரிக் கிறிஸ்தவரின் பிணம் தன் கல்லறைத் தோட்டத்துக்குள் வரக் கூடாது என்பவரைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். முன்னவர் சான்று வாங்கியவர். பின்னவர் பலியிட்டவர்.

அமெரிக்க மிஷன் சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27-இல் சிஎஸ்ஐயிலும் கலந்தன. திருவிருந்தில் இன்று யாரையும் சாதி கேட்டு நிறுத்துவதில்லை. ஒரே கிண்ணம் சுற்றி வருகிறது. அந்த அளவுக்கு 1847 வென்றுவிட்டது. சோதனை வேறிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் கிறிஸ்தவ மணமகன், மணமகள் தேவை பத்தியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மறுபடி பிறந்தவர், ஊழியத்தில் வாஞ்சையுள்ளவர் என்ற சொற்கள் இருக்கும். சபைப் பெயருக்கு அடுத்த சொல் என்ன என்று பாருங்கள்.